குளோரின் சோதனையில் நிறம் வராதபோது, வந்து மறையும்போது, வாடை மட்டும் அடிக்கும்போது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலந்து அரை மணி நேரம் ஆகிவிட்டது. தெருக்குழாயில் பிடித்த தண்ணீரில் சோதனை மாத்திரையைப் போட்டால் நிறமே வரவில்லை. இந்த நேரத்தில் கை தானாகப் பவுடர் மூட்டையை நோக்கித்தான் போகும். போகக் கூடாது. நிறம் வராததற்குக் குளோரின் இல்லாததும் காரணமாக இருக்கலாம், அளவுக்கு மீறி இருப்பதும் காரணமாக இருக்கலாம். இரண்டிலும் குப்பியில் தெரிவது ஒரே நிறமற்ற தண்ணீர்தான். அதேபோல, நிறம் வந்துவிட்டாலே குளோரின் இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. அதனால் முதலில் சோதனையைச் சந்தேகப்பட வேண்டும், அடுத்து மாதிரி எடுத்த விதத்தை, பிறகு தண்ணீரை, கடைசியாகப் பவுடரை. கீழே உள்ளவை பெரும்பாலும் அந்த வரிசையிலேயே வருகின்றன.

எந்த எண் வர வேண்டும்

இந்தியக் குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500 (2012) சொல்வது இது: குளோரின் கலந்து வழங்கும் தண்ணீரில், மக்கள் பிடிக்கும் இடத்தில், எஞ்சிய கட்டற்ற குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். வேறு வழி இல்லாதபோது 1 மில்லிகிராம் வரை போகலாம். வைரஸ் தொற்றிலிருந்து பாதுகாப்புத் தேவைப்படும் காலத்தில் குறைந்தது 0.5. உலக சுகாதார நிறுவனம், பிஎச் (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 8க்குக் கீழ் உள்ள தண்ணீரில், குறைந்தது 30 நிமிடம் குளோரின் வேலை செய்த பிறகு 0.5 எஞ்ச வேண்டும் என்கிறது. லிட்டருக்கு மில்லிகிராம் என்பதும் பிபிஎம் என்பதும் இங்கே ஒன்றுதான். இனி வரும் அளவுகளை வெறும் எண்ணாகவே எழுதுகிறோம்.

கட்டற்ற குளோரின்தான் கிருமியை வேகமாகக் கொல்வது. அது தண்ணீரில் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்துவிட்டால் பிணைந்த குளோரின். அதன் வீரியம் மிகக் குறைவு. இரண்டையும் கூட்டினால் மொத்தக் குளோரின். பதிவேட்டில் வெறுமனே "குளோரின் 0.5" என்று எழுதினால் இதில் எது என்று யாருக்கும் தெரியாது. "கட்டற்ற" அல்லது "மொத்த" என்ற சொல்லையும் சேர்த்தே எழுதுங்கள்.

குழப்பம் தராத அடிப்படைச் சோதனை

டிபிடி (குளோரின் பட்டால் இளஞ்சிவப்பாகும் மருந்து) மாத்திரை அல்லது பொடி கொண்டு செய்வதையே இங்கே அடிப்படையாக வைக்கிறோம். குழாயை முழுதாகத் திறந்து இரண்டு மூன்று நிமிடம் ஓட விடுங்கள். குப்பியை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, 10 மில்லி கோடு வரை நிரப்புங்கள். கோட்டைக் கண் மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். டிஜிட்டல் கருவியானால், மருந்து போடாத இதே தண்ணீரை வைத்து ஜீரோ செய்யுங்கள். வேறு தண்ணீரில் ஜீரோ செய்தால் இந்தத் தண்ணீரின் கலங்கலும் குளோரினாகக் கணக்கில் ஏறிவிடும்.

மாத்திரையை விரலால் தொடாமல், உறையிலிருந்து நேராகக் குப்பிக்குள் விழச் செய்யுங்கள். நசுக்க வேண்டிய வகையானால் சுத்தமான குச்சியால் நசுக்கி, மூடி, கரையும் வரை குலுக்கி, ஒரு நிமிடத்துக்குள் அளவைப் படித்துவிடுங்கள். இது கட்டற்ற குளோரின். மொத்தக் குளோரின் வேண்டுமானால் அதே குப்பியில் டிபிடி 3 மாத்திரையைச் சேர்த்து, இரண்டு நிமிடம் பொறுத்துப் படிக்க வேண்டும்.

நிற ஒப்பீட்டுப் பெட்டியை நிழலில், பகல் வெளிச்சத்தில், வெள்ளைப் பின்னணியில் வைத்துப் பாருங்கள். நேர் வெயிலும் மஞ்சள் பல்பும் நிறத்தை ஏமாற்றும். ஆண்களில் சிலருக்குச் சிவப்பு, பச்சை சார்ந்த நிறக்குறைபாடு உண்டு. அது அவர்களுக்கே தெரியாமலும் இருக்கும். ஒரே குப்பியை இருவர் தனித்தனியாகப் படித்து ஒப்பிட்டால் இது வெளிப்பட்டுவிடும்.

அறிகுறி: நிறமே வரவில்லை

நான்கு காரணங்கள். குளோரின் உண்மையிலேயே இல்லை, குளோரின் மிக அதிகம், மருந்து செத்துவிட்டது, தண்ணீர் சோதனைக்கு வருவதற்குள் குளோரின் போய்விட்டது.

முதலில் அதிகம் என்பதைச் சோதியுங்கள், ஏனென்றால் தவறாக முடிவெடுத்தால் ஆபத்து அங்கேதான். குளோரின் டிபிடியோடு சேரும்போது இளஞ்சிவப்பு வருகிறது. குளோரின் மிகுந்துவிட்டால் அந்தச் சிவப்புப் பொருளையே அது மேலும் தாக்கி, நிறமற்ற பொருளாக மாற்றிவிடும். சாதாரண 10 மில்லி சோதனையில் 5, 6 அளவைத் தாண்டும்போதே இந்தச் சிக்கல் தலைகாட்டத் தொடங்கும். தொட்டியில் பவுடர் விழுந்த மூலையிலிருந்து எடுத்த தண்ணீரில் 20, 30 கூட இருக்கலாம்.

இதற்கு நீர்த்தல் சோதனை போதும். 1 மில்லி மாதிரியோடு 9 மில்லி குளோரின் இல்லாத தண்ணீர் சேர்த்துச் சோதியுங்கள். இப்போது நிறம் வந்தால், வந்த எண்ணை 10ஆல் பெருக்குங்கள். குளோரின் இல்லாத தண்ணீருக்கு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஆகும். ஆனால் அதிலும் தனியாக ஒரு மாத்திரையைப் போட்டு நிறம் வரவில்லை என்று உறுதி செய்த பிறகே பயன்படுத்த வேண்டும். ஊசி போடும் சிரிஞ்சு ஒன்றைச் சோதனைப் பெட்டியிலேயே வைத்திருந்தால் 1 மில்லி அளக்கச் சிரமம் இல்லை.

நீர்த்தும் நிறம் வரவில்லையா? அடுத்து மருந்து. ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தெளிவான நீரை ஒரு சில துளி விட்டு, அதில் மாத்திரையைப் போடுங்கள். சிவந்தால் மருந்து நன்றாக இருக்கிறது. சிவக்காவிட்டால், அல்லது மாத்திரை உறைக்குள்ளேயே சாம்பல் அல்லது கறுப்பு நிறமாக மாறியிருந்தால், அந்த அட்டையை ஒதுக்குங்கள். திரவ டிபிடி தானாகவே சிவந்திருந்தால் அதுவும் கெட்டது. பம்ப் அறையின் தகரக் கூரையடியில் கோடை முழுவதும் கிடந்த மருந்தை நம்பவே வேண்டாம்.

மூன்றாவது, மாதிரி எடுத்த பாட்டில். பாக்டீரியா சோதனைக்காக ஆய்வகம் கொடுக்கும் பாட்டிலில் சோடியம் தயோசல்பேட் இருக்கும். குளோரினை உடனே அழிக்க வேண்டும் என்பதற்காகவே அதைப் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தப் பாட்டிலில் பிடித்த தண்ணீரில் குளோரின் பார்த்தால் எப்போதும் பூஜ்யம்தான். இந்த ஒரு காரணத்தாலேயே நல்ல தண்ணீர் பதிவேட்டில் பூஜ்யமாக ஏறிவிடும்.

வேறு பாட்டிலில் எடுத்திருந்தாலும், வெயிலில் வண்டியில் ஒரு மணி நேரம் வைத்து அலுவலகத்துக்குக் கொண்டுவந்து பார்த்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. சூரிய ஒளி கட்டற்ற குளோரினைச் சிதைத்துவிடும். குளோரினைக் குழாயடியிலேயே பார்க்க வேண்டும். வீட்டுக்குள் எடுத்தால், கார்பன் வடிகட்டிக்கும் ஆர்ஓ கருவிக்கும் முன்னால் உள்ள குழாயில் எடுங்கள். கார்பன் குளோரினை அப்படியே நீக்கிவிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் நிறம் வரவில்லை என்றால், தண்ணீரில் குளோரின் இல்லை. அதற்கான வேலை கீழே, கடைக்கோடி பற்றிய பகுதியில்.

அறிகுறி: சிவப்பு பளிச்சென்று வந்து, உடனே மங்கிவிடுகிறது

குளோரின் மிகுதியாக இருந்தாலும் இப்படி வரும். தமிழ்நாட்டின் கடும்பாறைப் பகுதிகளில் உள்ள ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இன்னொரு காரணமும் உண்டு: காரத்தன்மை. டிபிடி மருந்தில் பிஎச் அளவைச் சுமார் 6.3இல் நிறுத்தும் உப்புகள் கலந்திருக்கும். காரத்தன்மை கால்சியம் கார்பனேட் கணக்கில் 250ஐத் தாண்டும் தண்ணீரில் அந்த உப்புகளின் பலம் போதாமல் போகலாம். அப்போது நிறம் முழுமையாக எழும்பாது, அல்லது எழுந்த உடனே இறங்கிவிடும்.

எது காரணம் என்று பிரித்தறிவது எளிது. 5 மில்லி மாதிரியோடு 5 மில்லி டிஸ்டில்டு வாட்டர் சேர்த்துச் சோதியுங்கள். நிறம் நிலைத்து நின்று, இரண்டால் பெருக்கினால் 0.6, 0.8 போன்ற சாதாரண எண் வருகிறதா? காரத்தன்மைதான் காரணம். இன்னும் மங்குகிறதா, அல்லது நிற அட்டையின் உச்சியிலேயே நிற்கிறதா? குளோரின் மிகுதி, பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள்.

காரத்தன்மை என்று தெரிந்தால் இரண்டு வழி. பாதியாக நீர்த்துப் பார்ப்பதையே அந்த ஊருக்கு வழக்கமாக்கிக்கொள்ளலாம். சிறிய எண்களில் துல்லியம் குறையும், ஆனால் களப்பணிக்கு அது போதும். ஆய்வக வசதி இருந்தால், தனியாக எடுத்த 10 மில்லி மாதிரியில் 1 நார்மல் கந்தக அமிலத்தைத் துளித் துளியாக விட்டு, பிஎச் 6க்கும் 7க்கும் இடையே வர எத்தனை துளி ஆனது என்று எண்ணுங்கள். பிறகு புதிய 10 மில்லி மாதிரியில் அதே எண்ணிக்கைத் துளிகளை விட்டு, உடனே டிபிடி போடுங்கள். எண்ணிப் பார்த்த மாதிரியையே சோதனைக்குப் பயன்படுத்த வேண்டாம். பிஎச் பார்க்கும் நேரத்தில் அதிலிருந்து குளோரின் குறைந்திருக்கும்.

அறிகுறி: நேரம் போகப் போக நிறம் அடர்கிறது

ஒரு நிமிடத்தில் 0.2, ஐந்து நிமிடத்தில் 0.6 என்று ஏறினால் தண்ணீரில் பிணைந்த குளோரின் இருக்கிறது. அது டிபிடியோடு மெதுவாகத்தான் வினை புரியும். நீங்கள் பொறுத்துப் படிக்கப் படிக்க, அதையும் கட்டற்ற குளோரினாக எழுதிக்கொண்டே போகிறீர்கள். கடிகாரத்தை வைத்து ஒரு நிமிடத்துக்குள் படித்த எண்தான் கட்டற்ற அளவு. பிறகு டிபிடி 3 போட்டு மொத்தத்தைப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பிணைந்த குளோரின்.

டிபிடி 3இல் இருப்பது அயோடைடு. அது குப்பியில் துளி ஒட்டியிருந்தாலும் அடுத்த சோதனையில் பிணைந்த குளோரினையும் சேர்த்தே காட்டிவிடும். கட்டற்ற அளவுக்கு ஒரு குப்பி, மொத்த அளவுக்கு ஒரு குப்பி என்று பெயிண்டில் குறி போட்டுத் தனியாக வைத்துவிடுங்கள்.

அறிகுறி: மஞ்சள் நிறக் குளோரோஸ்கோப் 1 காட்டுகிறது, டிபிடி 0.2 காட்டுகிறது

நம் பஞ்சாயத்துகளில் இன்னும் பல இடங்களில் இருப்பது ஆர்த்தோடோலிடின் துளிகள் விட்டு மஞ்சள் நிறம் பார்க்கும் குளோரோஸ்கோப்தான். துளி விட்டதும் முதல் சில நொடிகளில் வரும் மஞ்சள் மட்டுமே கட்டற்ற குளோரின். அதற்குப் பிறகு பிணைந்த குளோரினும் சேர்ந்துகொள்ளும். ஐந்து நிமிடம் வைத்துவிட்டுப் படித்தால் தெரிவது மொத்த அளவு. டிபிடி காட்டிய 0.2 கட்டற்றது. இரண்டு கருவியும் பொய் சொல்லவில்லை, வேறு வேறு பொருளை அளந்திருக்கின்றன. குடிநீருக்கான முடிவை டிபிடி எண்ணை வைத்தே எடுங்கள்.

மஞ்சளுக்குப் பதிலாக நீலப்பச்சை சாயல் வந்தால் தண்ணீரின் காரத்தன்மைக்கு மருந்தில் உள்ள அமிலம் போதவில்லை. செம்பழுப்பாக வந்தால் குளோரின் மிகுதி. நீர்த்துப் பார்க்க வேண்டும். இரும்பும் நைட்ரைட்டும்கூட மஞ்சள் தரும். ஆர்த்தோடோலிடின் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று கருதப்படும் பொருள். கையில் படாமல் பாருங்கள். குப்பி வாயைக் கட்டைவிரலால் மூடிக் குலுக்கும் பழக்கத்தை உடனே நிறுத்த வேண்டும். வாய்ப்புக் கிடைக்கும்போது டிபிடிக்கு மாறிவிடுவதே நல்லது. எந்த மருந்தாக இருந்தாலும் சோதித்த தண்ணீரைத் தொட்டிக்குள் திருப்பி ஊற்றக் கூடாது.

அறிகுறி: குளோரினே இருக்க வாய்ப்பில்லாத தண்ணீரும் சிவக்கிறது

மூன்று நாளாகப் பவுடர் போடவில்லை, ஆனாலும் 0.3 காட்டுகிறது என்றால் மகிழ்ச்சிப்படாதீர்கள். இந்தத் திசைப் பிழைதான் மோசமானது. பாதுகாப்பு இல்லாத தண்ணீரைப் பாதுகாப்பானது என்று சொல்லிவிடும்.

அதே குப்பியில் டிஸ்டில்டு வாட்டர் எடுத்து மாத்திரை போடுங்கள். அதுவும் சிவந்தால் குப்பி அழுக்கு, அல்லது மருந்து கெட்டது. பழைய டிபிடி கறை குப்பியின் உட்புறம் மெல்லிய சிவப்புப் படலமாக ஒட்டியிருக்கும். மென்மையான பிரஷால் தேய்த்துக் கழுவி, நன்றாக அலசுங்கள். டிஸ்டில்டு வாட்டர் சிவக்காமல் தொட்டித் தண்ணீர் மட்டும் சிவந்தால் மாங்கனீசைச் சந்தேகப்படுங்கள். தொட்டியின் அடியிலோ குழாய் உட்புறத்திலோ கரும்பழுப்புப் படிவு இருப்பது அதற்கு அடையாளம். கிணற்றில் கரைந்த நிலையில் உள்ள மாங்கனீசு டிபிடியில் நிறம் தராது. குளோரின் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்த பிறகே தரும். அதனால் குளோரின் கலக்காத கிணற்றுத் தண்ணீரில் நிறம் வரவில்லை என்பதை வைத்து மாங்கனீசு இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

ஆய்வகத்தில் பொட்டாசியம் அயோடைடும் சோடியம் ஆர்சனைட்டும் சேர்த்துக் குளோரினை மட்டும் அழித்துவிட்டு, மிச்சமாக நிற்கும் நிறத்தை அளந்து கழிப்பார்கள். ஆர்சனைட் கொடிய விஷம். அதைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் வைத்திருக்கவே கூடாது. ஆய்வகத்தைக் கேட்டு, உங்கள் தொட்டிக்குக் கழிக்க வேண்டிய எண் எவ்வளவு என்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பருவம் மாறும்போது அதுவும் மாறும்.

அறிகுறி: டிஜிட்டல் கருவியின் எண் நிலையாக இல்லை, அல்லது கழித்தல் குறியோடு வருகிறது

பெரும்பாலும் கண்ணாடிதான். விரல் ரேகை, கீறல், குளிர்ந்த தண்ணீரால் வெளிப்புறம் படியும் ஆவி, உள்ளே ஒட்டிய காற்றுக் குமிழி. பஞ்சு துணியால் துடைத்து, குப்பியில் உள்ள முக்கோணக் குறியை ஜீரோ செய்தபோது இருந்த அதே பக்கத்துக்கு வைத்து, மூடியைப் போட்டுப் படியுங்கள். மூடி இல்லாமல் வெயிலில் படித்த எண்ணை எழுத வேண்டாம். கழித்தல் குறி வந்தால் ஜீரோ செய்த குப்பி சோதனைக் குப்பியைவிட அழுக்கு. மிகக் கடினமான தண்ணீரில் சில மாத்திரைகள் வெண்கலங்கலை உண்டாக்கும். அதற்கெனத் தனி மாத்திரை கிடைக்கிறது, இல்லாவிட்டால் பாதி நீர்த்தல் போதும்.

புதிய கண்ணாடிக் குப்பி தானே கொஞ்சம் குளோரினைத் தின்னும். முதல் முறை பயன்படுத்துமுன் மிக நீர்த்த பிளீச்சிங் கரைசலில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, டிஸ்டில்டு வாட்டரால் பலமுறை அலசிவிடுங்கள்.

கருவியே சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆய்வகத்தில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் போதும். 0.891 கிராமை ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் கரைத்தால் அது டிபிடியில் 1000 அளவு குளோரினுக்குச் சமம். அதில் 10 மில்லியை 100 மில்லியாக்கி, அதிலிருந்து 1 மில்லியை மறுபடி 100 மில்லியாக்கினால் கருவி 1.00 அருகில் காட்ட வேண்டும். கடைசி நீர்த்தலைச் செய்த உடனே படித்துவிடுங்கள். அது நெடுநேரம் நிற்காது.

அறிகுறி: குளோரின் வாடை தூக்குகிறது, கட்டற்ற அளவு மட்டும் ஏறவில்லை

மக்கள் "மருந்து வாடை அதிகம்" என்று புகார் சொல்வார்கள். பவுடரைக் குறைக்கத் தோன்றும். அளந்து பார்க்காமல் குறைக்காதீர்கள். குடலைப் பிரட்டும் அந்த வாடையைத் தருவது பல நேரம் கட்டற்ற குளோரின் அல்ல. அது அம்மோனியாவோடு சேர்ந்து உண்டான குளோரமீன்கள். கட்டற்றது 0.1, மொத்தம் 1.2 என்று வந்தால் சந்தேகமே வேண்டாம்.

அம்மோனியா உள்ள தண்ணீரில் குளோரின் சேர்க்கச் சேர்க்க முதலில் பிணைந்த அளவு ஏறும். ஒரு கட்டத்துக்குப் பிறகு, சேர்க்கும் குளோரினே குளோரமீன்களைச் சிதைப்பதால் மொத்த அளவு இறங்கும். அந்த இறக்கம் முடியும் இடம்தான் முறிவுப் புள்ளி. அதைத் தாண்டிய பிறகுதான் கட்டற்ற குளோரின் நிலைத்து ஏறத் தொடங்கும். 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏட்டுக் கணக்கில் 7.6 மில்லிகிராம் குளோரின் வேண்டும்; நடைமுறையில் 10 வரை போகும். இதனால்தான் "நேற்றைவிட அதிகம் போட்டேன், அளவு இறங்கிவிட்டது" என்ற வினோதம் நடக்கிறது.

ஆனால் பவுடரைக் கூட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, அம்மோனியா எங்கிருந்து வந்தது என்பது. நேற்று வரை சரியாக இருந்த குழாயில் திடீரென்று இப்படி வந்தால், சாக்கடை ஓரம் உடைந்த குழாய் ஒன்று உள்ளே உறிஞ்சிக்கொண்டிருக்கலாம். விட்டு விட்டுத் தண்ணீர் விடும் ஊர்களில் பம்ப் நின்றதும் குழாயில் அழுத்தம் விழுந்து, வெளியே தேங்கிய கழிவுநீர் உள்ளே போகும். உடைப்பைக் கண்டுபிடித்து அடைக்கும் வரை அந்தத் தெருவுக்குத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லுங்கள். பாக்டீரியா சோதனைக்கும் மாதிரி அனுப்புங்கள். இந்த முறை தயோசல்பேட் போட்ட பாட்டிலில்.

அறிகுறி: தொட்டியடியில் 0.8, கடைக்கோடித் தெருவில் பூஜ்யம்

கூட்டுக் குடிநீர்த் திட்டங்களில் பல கிலோமீட்டர் குழாயில் வரும் தண்ணீருக்கு இது அன்றாடப் பிரச்சினை. முதலில் கடைக்கோடி மாதிரி நேராகப் பிரதானக் குழாயிலிருந்து வருகிறதா என்று பாருங்கள். வீட்டுச் சம்ப்பிலோ சின்டெக்ஸ் தொட்டியிலோ ஒரு நாள் தேங்கிய தண்ணீரை எடுத்துவிட்டுப் பஞ்சாயத்தைக் குறை சொல்ல முடியாது.

பிறகு தொட்டியிலிருந்து கடைசி வரை நான்கைந்து இடங்களில் வரிசையாக அளந்து, தெரு வரைபடத்தில் எழுதுங்கள். 0.8, 0.6, 0.5, 0.3 என்று படிப்படியாக இறங்கினால் அது குழாய்ச் சுவரும் தூரமும் தின்பது. தொட்டியில் அளவைக் கொஞ்சம் கூட்டலாம், அல்லது நடுவழியில் ஒரு முறை குளோரின் சேர்க்கலாம். கடைசி முனையில் உள்ள வால்வைத் திறந்து தேங்கிய சேற்றை வெளியேற்றுவதும் உடனே பலன் தரும். 0.7, 0.7, 0.1 என்று ஓரிடத்தில் விழுந்தால், விழுந்த இடத்துக்கு முந்தைய துண்டில் தோண்டிப் பார்க்க வேண்டும்.

தொட்டியிலேயே அளவு நிற்கவில்லை என்றால் தண்ணீரின் குளோரின் தேவையைக் கண்டுபிடியுங்கள். ஒரு வாளியில் 10 லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளியவிடுங்கள். பவுடரில் 25 சதவீதம் குளோரின் இருந்தால் தெளிந்த நீரில் 1 மில்லிக்கு 0.25 மில்லிகிராம் குளோரின். குளோரின் கலக்காத கிணற்றுத் தண்ணீரை ஐந்து பாத்திரத்தில் ஒவ்வொரு லிட்டர் எடுத்து, முறையே 4, 8, 12, 16, 20 மில்லி சேருங்கள். இது 1, 2, 3, 4, 5 அளவு. நிழலில் மூடிவைத்து, 30 நிமிடம் கழித்துக் கட்டற்ற அளவைப் பாருங்கள். 2 போட்ட பாத்திரத்தில் 0.5 எஞ்சினால் தண்ணீர் தின்றது 1.5. கரைந்த இரும்பு ஒவ்வொரு மில்லிகிராமும் சுமார் 0.64 மில்லிகிராம் குளோரினைத் தின்னும், மாங்கனீசு 1.3. அழுகிய முட்டை வாடை தரும் ஹைட்ரஜன் சல்பைடு அதைவிடப் பெரும்பசிக்காரன்.

அறிகுறி: அதே எடைப் பவுடர், ஆனால் வாரத்துக்கு வாரம் அளவு குறைகிறது

மூட்டைதான் செத்துக்கொண்டிருக்கிறது. நல்ல பவுடர் 30 சதவீதத்துக்கு மேல் குளோரினோடு வரும். ஈரம், வெப்பம், திறந்த வாய் மூன்றும் சேர்ந்தால் அது வெறும் சுண்ணாம்பாகிவிடும். பொலபொலவென்று இல்லாமல் பிசுபிசுவென்று கட்டியாக இருந்தால் பலம் போய்விட்டது என்று கொள்ளுங்கள்.

பலத்தை ஏறத்தாழ அறிய மேலே சொன்ன வாளிக் கரைசலே போதும். அதில் 5 மில்லி எடுத்து ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் கலந்து, டிபிடியில் வந்த எண்ணை 20ஆல் பெருக்கினால் சதவீதம் வரும். 1.5 காட்டினால் 30 சதவீதம், 0.5 காட்டினால் 10 சதவீதம். கரைசலை அன்றே செய்து அன்றே பாருங்கள். துல்லியமான எண் வேண்டுமானால் ஆய்வகத்தில் தயோசல்பேட் தரம்பார்த்தல்தான் (டைட்ரேஷன்) முறை.

பலம் தெரிந்தால் கணக்கு நேரானது. 30,000 லிட்டர் தொட்டிக்கு 2 அளவு வேண்டும் என்றால் 60 கிராம் குளோரின். 25 சதவீதப் பவுடரில் 240 கிராம். 10 சதவீதமாக இறங்கிய பவுடரில் 600 கிராம். அவ்வளவு சுண்ணாம்பைத் தொட்டியில் கொட்டுவதற்குப் பதில் புது மூட்டை வாங்குவதே சரி. மூட்டையை மரப்பலகை மீது, காற்றோட்டமான உலர்ந்த அறையில் வையுங்கள். எடுத்ததும் பாலித்தீன் உறையின் வாயைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். அமிலத்தையோ, வேறு வகைக் குளோரின் மாத்திரைகளையோ அதன் பக்கத்தில் வைக்கவும் கூடாது, அதோடு கலக்கவும் கூடாது.

அறிகுறி: ஒரே நாளில் ஒரு தெருவில் 2.4, இன்னொரு தெருவில் 0.1

கலக்கவில்லை. பவுடரைக் காய்ந்த நிலையில் தொட்டி மூடி வழியே தூவினால் கட்டியாக அடியில் போய் உட்காரும். முதலில் வெளியேறும் தண்ணீர் அதன்மேல் உரசிக்கொண்டு போகும். பவுடரைச் சிறிது தண்ணீரில் பசையாகக் குழைத்து, வாளி நிறையக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கும் வரை பொறுத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். ஊற்ற வேண்டிய இடம், தொட்டிக்குள் தண்ணீர் விழும் வாய். ஊற்ற வேண்டிய நேரம், தொட்டி நிரம்பத் தொடங்கி கால் பங்கு ஏறும்போது. விழும் தண்ணீரே கலக்கிக்கொள்ளும். குளோரின் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடும் கருவி வைத்திருப்பவர்கள் வாரம் ஒருமுறை அதன் குழாயைக் கழற்றிப் பாருங்கள். சுண்ணாம்பு அடைத்துக்கொண்டால் சொட்டு நின்றுவிடும், கேனில் கரைசல் மட்டும் நிறைந்தே இருக்கும்.

தவறிப்போய்த் தொட்டி முழுவதும் அளவு ஏறிவிட்டால், வால்வைத் திறக்காமல் முதலில் கணக்குப் போடுங்கள். உதாரணமாக, 30,000 லிட்டர் தொட்டியில் பாதிதான், அதாவது 15,000 லிட்டர் தண்ணீர்தான் இருக்கிறது, அதில் அளவு 2.4 என்றால், உள்ளே இருப்பது 36 கிராம் குளோரின். மீதி 15,000 லிட்டரை மருந்து போடாத தண்ணீரால் நிரப்பினால், அந்தத் தண்ணீரின் தேவை 0.6 என்று வைத்துக்கொண்டால், 9 கிராம் அதற்குப் போய்விடும். எஞ்சிய 27 கிராம் 30,000 லிட்டரில் பரவும்போது 0.9. நிரம்பியதும் அரை மணி நேரம் விட்டு, தொட்டியின் வெளியேற்றுக் குழாயில் அளந்து, 1க்குள் வந்த பிறகு வால்வைத் திறங்கள். முதல் தெருவில் ஒரு முறை, கடைசித் தெருவில் ஒரு முறை அளந்து, நேரத்தோடு பதிவேட்டில் எழுதிவிடுங்கள்.